பதினாலாவது குச்சி

"பன்னிரண்டு மணிக்குள்ள பார்த்துச் சொல்லிடுறேன் சிஸ்டர், கொஞ்சம் வெளியில உட்காருங்க" என்று சொல்லிவிட்டுப் பீர் முகம்மது லேப் கதவைச் சாத்திக்கொண்டபோது மணி பதினொன்று. கதவுக்கு எதிரே நோயாளிகள் உட்காரும் மர பெஞ்சு காலியாகக் கிடந்தது. உட்காருவதற்கு முன் பலகையைத் தடவிப் பார்த்தேன். மூன்று நாளாக எங்கே மரத்தைக் கண்டாலும் என் கை போய் அதைத் தடவுகிறது. இந்தப் பலகையில் வார்னிஷ் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. உட்கார்ந்து உட்கார்ந்து நடுவில் வழவழவென்று இருக்கிறது, ஓரத்தில் சிராய். இரண்டு பலகை சேரும் இடுக்கில் கறுப்பாக ஏதோ அடைந்திருக்கிறது, வியர்வையோ எண்ணெயோ தூசியோ, எத்தனை பேருடையதோ. இப்படி ஓர் இடுக்கைத்தான் டாக்டர் தணிகைவேல் புதன்கிழமை எல்லாரையும் கூட்டி வைத்து விரலால் காட்டினார், எங்கள் வார்டில் இருந்த தேக்கு அலமாரியில். "இதுக்குள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? மரம் உறிஞ்சும். துடைச்சா மேல இருக்கறது போகும். உள்ள போனது உள்ளயேதான் இருக்கும்." அவர் சொன்னது தப்பில்லை. வகுப்பு எடுக்கும்போது நானும் அதைத்தான் சொல்கிறேன். இந்த ஆஸ்பத்திரிக்குத் தொற்றுத் தடுப்பு நர்ஸ் நான்தான், எமரன்சியா, ஓய்வு பெறப் பதினோரு மாதம் இருக்கிறது. மரத்தில் கீறல் விழும், கீறலில் ஈரம் நிற்கும், ஆகையால் முதலில் சோப்புத் தண்ணீர், அப்புறம் வெறும் தண்ணீர், அப்புறம் மருந்து, அப்புறம் காய வேண்டும், சரியாகக் காயாத மரம் துடைக்காத மரத்தைவிட மோசம். காய வேண்டும் என்பதை மூன்று தடவை சொல்வேன். மரம் மட்டுமில்லை, துணி, வாளி, கிண்ணம், புட்டி. புட்டியும் சொல்வேன். புதிதாக வரும் பெண்கள் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். புட்டி காலியானதும் கழுவு, கவிழ்த்து வை, முழுக்கக் காய்ந்த பிறகு நிரப்பு, மிச்சத்தின் மேல் ஊற்றாதே. எழுதிக்கொண்டீர்களா? எழுதிக்கொண்டோம் சிஸ்டர்.

பச்சிளங்குழந்தைப் பிரிவில் குழந்தைகளுக்குப் பெயர் கிடையாது. அம்மா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவோம், வேலுத்தாய் பேபி, சண்முகக்கனி பேபி, ஆரோக்கியமேரி பேபி. மணிக்கட்டில் கட்டுகிற பட்டையிலும் அப்படித்தான் இருக்கும். முதலில் வேலுத்தாய் பேபி. ஒன்றே முக்கால் கிலோ, பெண். ஒன்பதாம் நாள் காலையில் பால் வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டது. மத்தியானத்துக்குள் வயிறு உப்பிவிட்டது, தோல் சாம்பல் பூசினாற்போல ஆனது, மறுநாள் இல்லை. நான்கு நாள் கழித்து சண்முகக்கனி பேபி, ஆண், அதுவும் அப்படியே, அதுவும் இல்லை. மூன்றாவது ஆரோக்கியமேரி பேபிக்குக் காய்ச்சல் கண்டதுமே பெரிய மருந்தை ஏற்றினார்கள், அது இன்னும் இருக்கிறது, நேற்று சாயங்காலம் கொட்டாவி விட்டதாம். மூன்று பேர் ரத்தத்திலும் ஒரே கிருமி. கிளெப்சியெல்லா என்று பீர் முகம்மது எழுதிக் கொடுத்த தாளை நான்தான் டாக்டரிடம் கொண்டுபோனேன். ஒரே கிருமி என்றால் ஒரே இடத்திலிருந்து வந்திருக்கிறது. எங்கிருந்து? டாக்டர் வார்டைச் சுற்றிப் பார்த்தார். எவர்சில்வர் ட்ராலி, கண்ணாடி, டைல்ஸ், பிளாஸ்டிக், எல்லாம் பளபளவென்று இருந்தன. நடுவில் அந்தத் தேக்கு அலமாரி மட்டும் பழையதாக, பெரியதாக, மூலையில் ஒரு கிழவரை உட்கார வைத்தாற்போல நின்றது. பக்கத்தில் அம்மாக்கள் பால் கொடுக்க உட்காரும் மர பெஞ்சு. மரக் கதவு. மர ஜன்னல். எல்லார் கண்ணும் மரத்தின் மேல் போனது. என் கண்ணும் போனது. போனதா, போகவிட்டேனா? அன்றைக்கு எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் எல்லாரும் அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் ஒரு தடவை வாஷ்பேசின் பக்கம் திரும்பினேன், அது ஞாபகம் இருக்கிறது. ஏன் திரும்பினேன்? குழாய் சொட்டியது. குழாய் சொட்டிய சத்தத்துக்குத்தான் திரும்பினேன்.

லேப்புக்குள் ஏதோ கண்ணாடி இடிபடுகிற சத்தம். கிருமி வளர்க்கும் பிளேட்டுகளை எடுத்து வைக்கிறான் போல. மணி பதினொன்று பத்துதான் ஆகிறது. மரத்தைத் துடைப்பது குருவம்மாவின் வேலை. காண்டிராக்டில் வருகிறவள், முப்பத்தைந்து வயதிருக்கும், பேச்சு கம்மி, துடைக்கும்போது மரத்தின் ரேகை போகிற பக்கமாகவே துணியை இழுப்பாள், குறுக்கே இழுக்க மாட்டாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவளாகவே அப்படி. காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, துடைத்ததும் சுவரில் மாட்டியிருக்கும் தாளில் கையெழுத்து. வேலுத்தாய் பேபிக்கு உடம்பு முடியாமல் போவதற்கு முந்தின நாள் மத்தியானக் கட்டம் காலியாக இருந்தது. டாக்டர் அந்தக் கட்டத்தின் மேல் பேனாவை வைத்தார். "இது யாரு?" குருவம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள், உள்ளே வரவில்லை. "நாந்தான் சார். அன்னைக்குப் பிரசவ வார்டுல ரத்தம் கழுவக் கூப்பிட்டாவ, போயிட்டேன். வந்து தொடச்சேன், கையெழுத்துதான் போடல." "துடைச்சீங்கன்னு எப்படித் தெரியும்?" அவள் என்னைப் பார்த்தாள். நான் தொற்றுத் தடுப்பு நர்ஸ், எனக்குத் தெரியும் என்று நினைத்திருப்பாள். அவள் துடைக்காமல் இருக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியவும் தெரியும். நான் தாளைப் பார்த்தேன். அந்தத் தாளுக்குப் பக்கத்தில் இன்னொரு தாள் தொங்குகிறது, சோப்புப் புட்டிகளுக்கு. திங்கள், வியாழன், திங்கள், வியாழன். புட்டி கழுவிக் காயவைத்து நிரப்பப்பட்டது. ஒரு கட்டம்கூடக் காலி இல்லை. எல்லாவற்றிலும் என் கையெழுத்து, மேலே சுழித்து, கீழே ஒரு கோடு. சாயங்காலம் காண்டிராக்ட் சூப்பர்வைசர் வந்து நாளையிலிருந்து வர வேண்டாம் என்று குருவம்மாவிடம் சொல்லிவிட்டான். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு என்னிடம் வந்து, "சிஸ்டர், நெசமாவே மரத்துலேருந்து புள்ளைகளுக்கு வருமா?" என்று கேட்டாள். வரலாம் என்றேன். வரலாம்! அவள் தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் போனாள். நான்கு பேர் சேர்ந்து அலமாரியைத் தூக்கி ஜெனரேட்டர் கொட்டகைக்குப் பின்னால் போட்டார்கள். கதவு திறந்தபடி வெயிலில் கிடக்கிறது.

மறுநாள் வியாழன், நான் ஸ்வாப் எடுத்தேன். டாக்டர் கொடுத்த பட்டியலில் பதிமூன்று இடம், பதிமூன்றும் மரம். ஈரப் பஞ்சு சுற்றிய குச்சியை மரத்தின் மேல் உருட்டி உருட்டித் தேய்த்து, குழாய்க்குள் போட்டு மூடி, எண் எழுத வேண்டும். ஒன்று, கதவின் கைபடுகிற விளிம்பு. இரண்டு, கதவின் அடி. மூன்று, நான்கு, ஐந்து, பெஞ்சு. வெளியே போய் அலமாரியில் நான்கு. ஜன்னல். நர்ஸ் மேஜையின் இழுப்பறை. குனிந்து குனிந்து இடுப்பு வலித்தது. மர இடுக்குகளில் பஞ்சை விட்டுத் தேய்க்கும்போது ஏதோ ஆளைப் பிடித்து வாயைத் திறக்கச் சொல்கிற மாதிரி இருந்தது, சொல், நீதானே, சொல். பதிமூன்று முடிந்தது. கையுறையைக் கழற்றினேன், வாஷ்பேசினுக்குப் போனேன், புட்டியின் தலையை அழுத்தினேன், கையில் வந்த சோப்பு கொஞ்சம் நூலாக இழுத்தது. சோப்பு எப்போதும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். பிறகு புட்டியைக் கையில் எடுத்தேன். அடியில், வெளிச்சத்துக்கு நேரே பிடித்தபோது, ஒரு படலம். குளத்துக் கல்லில் இருக்குமே, அந்த வழுவழுப்பு. அந்தப் புட்டியை எப்போது கடைசியாகக் கழுவினேன்? யோசித்தேன். மழைக்கு முன்னால். மழை எப்போது வந்தது? ஸ்டோரில் சோப்பு வர ஒரு மாதம் தாமதம் ஆனது, கையில் தேய்த்துக்கொள்ளும் மருந்தும் தீர்ந்திருந்தது, இருந்த ஒரே கேனைத் தண்ணீர் கலந்து ஓட்டினேன். குழாய்த் தண்ணீர். கழுவி வைத்தால் புட்டி காய அரை நாள் ஆகும், அந்த அரை நாளும் சோப்பு எங்கே, சோப்பு எங்கே என்று நர்ஸ் பிள்ளைகள் கத்துவார்கள். ஒரு தடவைதான் என்று மிச்சத்தின் மேலேயே ஊற்றினேன். அடுத்த வியாழனும் ஒரு தடவைதான். பையில் ஒரு குச்சி மிச்சம் இருந்தது. புட்டியின் தலையைக் கழற்றி உள்ளே விட்டு அடியில் சுழற்றினேன். குழாய்க்குள் போட்டேன். பதினாலு என்று எழுதினேன். வேறொன்றும் எழுதவில்லை. பிறகு வார்டில் இருந்த நான்கு சோப்புப் புட்டிகளையும் எடுத்துப் பையில் போட்டு என் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, ஸ்டோருக்குப் போய்ச் சண்டை போட்டுப் புதிய புட்டிகள் வாங்கி வந்து வைத்தேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அன்றிலிருந்து எந்தக் குழந்தைக்கும் ஒன்றும் இல்லை.

அதுதான் விஷயம். ஒன்றும் இல்லை. சரியாகிவிட்டது. இனி எந்தக் குழந்தைக்கும் வராது, பிறகு எதற்குச் சொல்ல வேண்டும்? சொன்னால் போன இரண்டும் திரும்பி வருமா? இதை நான் சொல்கிறேனா, வேறு யாரோ என் காதில் சொல்கிறார்களா? பதினோரு மாதம். 17 பி என்று குற்றச்சாட்டு மெமோ வந்தால் ஓய்வு பெற விட மாட்டார்கள், விசாரணை முடிகிற வரை நிறுத்தி வைப்பார்கள், ரேடியாலஜி ஜான்சன் அப்படித்தான் ஆறு வருடம் இந்த வராந்தாவிலேயே ஃபைலைக் கட்டிக்கொண்டு அலைந்து செத்தான். முப்பத்தாறு வருடத்தில் ஒரு மெமோ கிடையாது எனக்கு. பயிற்சிக் காலத்தில் வார்டில் நாற்பது மர லாக்கர்கள், சனிக்கிழமை தோறும் சோடா போட்டுத் தேய்த்து வரிசையாக வெயிலில் நிறுத்துவோம். நான் தேய்த்த லாக்கரை மட்டும் டியூட்டர் முகர்ந்து பார்க்காமலே போவாள். அந்தச் சோடா வாசனை இப்போதும் வருகிறது, இல்லை, லேப்பிலிருந்து வேறு ஏதோ வருகிறது. இத்தனை நாள் சுத்தம் சுத்தம் என்று கத்தினவள் நான். வீட்டில் காய் நறுக்கும் பலகையைக்கூட உப்புப் போட்டுத் தேய்த்து ஜன்னலில் சாய்த்து வைக்கிறவள். சுத்தம் இல்லாதவர்களால் வந்திருந்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இது கை கழுவியதால் வந்தது. யார் அதிகம் கழுவினார்களோ அவர்கள் கையில்தான் அதிகம் ஒட்டியிருக்கும். அதைத்தான் நினைக்கக் கூடாது என்று இரண்டு நாளாக இருக்கிறேன். வேறு எதையாவது நினைக்க வேண்டும். இந்தப் பலகையில் ஆணித் தலை நான்கு, ஒன்று துருப்பிடித்திருக்கிறது. வேலுத்தாய் மிகவும் பயந்த பெண். முதல் பிரசவம். குழந்தையைத் தொடுவதற்கு முன் கை கழுவ வேண்டும் என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன், விரலிடுக்கு, நகம், மணிக்கட்டு, இருபது எண்ணுகிற வரைக்கும். அவள் வாய்விட்டு எண்ணுவாள். இருபது முடிந்ததும் கையை விரித்து என்னிடம் காட்டுவாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. "போதுமா சிஸ்டர், இன்னொரு தடவ கழுவட்டுமா?" என்று கேட்டாள். கழுவினால் நல்லதுதானே என்றேன். இன்னொரு தடவை அழுத்தினாள் அந்தப் புட்டியை. இன்னொரு தடவை இருபது வரை எண்ணினாள். பிறகு அந்தக் கையால்.

"சிஸ்டர்."

பீர் முகம்மது கதவைப் பாதி திறந்து நின்றான். எழுந்தபோது முழங்கால் பிடித்துக்கொண்டது. உள்ளே மேஜையில் பிளேட்டுகளை இரண்டு வரிசையாக அடுக்கி வைத்திருந்தான். நல்ல பையன், எதையும் நின்று நிதானமாகச் செய்வான். "ஆச்சரியமா இருக்கு சிஸ்டர், மரத்துல ஒண்ணுமே இல்ல. பெஞ்சுல சாதாரணத் தோல் கிருமி, அது எங்க எடுத்தாலும் வரும். அலமாரி நாலும் சுத்தம். கதவு, ஜன்னல், இழுப்பறை, எல்லாம் சுத்தம். யாரோ நல்லாத் துடைச்சிருக்காங்க." யாரோ. கடைசிப் பிளேட்டைத் தனியாக வைத்திருந்தான். அதைப் பார்க்காமலே எனக்குத் தெரிந்தது, ஆனாலும் பார்த்தேன். ரோஜா நிறத்தில், கொழகொழவென்று, ஒன்றோடொன்று சேர்ந்து பிளேட் முழுக்கப் படர்ந்து கிடந்தது. பிளேட்டைச் சாய்த்தால் வழிந்துவிடும் போல. "இதுதான். குழந்தைங்க ரத்தத்துல வந்ததும் இதும் ஒண்ணுதான் சிஸ்டர், எந்த மருந்து கேக்குது, எது கேக்கலைங்கறதும் அச்சா அப்படியே இருக்கு. ஆனா பதினாலுன்னு மட்டும் எழுதியிருக்கீங்க, லிஸ்ட்ல பதிமூணுதான் இருக்கு. இது எங்க எடுத்தது?"

அவன் என் முகத்தைப் பார்த்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "டாக்டர் கேட்டது மரம் மட்டுந்தான். நான் பதிமூணுக்கு மட்டும் ரிப்போர்ட் அடிச்சுக் குடுத்துடவா?" என்றான். இரக்கத்தில் சொல்கிறான். என்ன புரிந்துகொண்டானோ, எவ்வளவு புரிந்துகொண்டானோ. சரி தம்பி என்று இரண்டே வார்த்தை சொன்னால் போதும். பிளேட் ஆட்டோகிளேவுக்குப் போகும், வெந்துவிடும், ரோஜா நிறம் போய்விடும். மரத்திலும் ஒன்றுமில்லை என்று தாள் போகும். காரணம் தெரியவில்லை என்று டாக்டர் எழுதுவார். காரணம் தெரியாத சாவு எத்தனையோ உண்டு இந்தக் கட்டிடத்தில். குருவம்மாவுக்கு வேறு எங்காவது வேலை கிடைக்கும். வேலுத்தாய்க்கு அடுத்த பிள்ளை பிறக்கும். பிறந்தால் இங்கேதான் வருவாள். வந்து கையை விரித்துக் காட்டுவாள், போதுமா சிஸ்டர். யாரிடம் காட்டுவாள்? நான் இருக்க மாட்டேன். நான் இல்லாவிட்டால் வேறொருத்தி இருப்பாள், அவளும் அவசரத்தில் ஒரு தடவைதான் என்று மிச்சத்தின் மேல் ஊற்றுவாள், ஏனென்றால் இங்கே அப்படி ஒன்று நடந்தது என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பீர் முகம்மதுவின் கை கீபோர்டின் மேல் இருந்தது. அவன் நகங்களை ஒட்ட வெட்டியிருந்தான்.

"சோப்புப் புட்டி" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, இன்னொரு தடவை சொன்னேன். "கை கழுவற சோப்புப் புட்டி. பச்சிளங்குழந்தை வார்டு, வாஷ்பேசின். அப்படியே அடி தம்பி."

"சிஸ்டர், யோசிச்சுச் சொல்லுங்க."

"கழுவாம மேல மேல ஊத்தினது நான். கழுவினதாக் கையெழுத்துப் போட்டதும் நான். அதை நான் டாக்டர்ட்ட சொல்லிக்கிடுதேன். நீ எடத்த மட்டும் அடி."

அவன் அடித்தான். எழுத்து எழுத்தாக அடித்தான். பிரிண்டரிலிருந்து தாள் சூடாக வந்தது. டாக்டர் ஓ.பி.யில் இருக்கிறார், ஒரு மணிக்குத்தான் வருவார் என்றான். நான் தாளை மடிக்காமல் பிடித்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தேன். நிம்மதி வரும் என்று நினைத்திருந்தேன் போல, அது வரவில்லை. ஒரு மணி வரை காத்திருந்தால் தைரியம் போய்விடும் என்று பயமாக இருந்தது, யாரிடமாவது இன்னொரு தடவை சொல்லிவிட்டால் பிறகு திரும்ப முடியாது. போனில் குருவம்மா நம்பரைத் தேடினேன். நான்கு தடவை மணி அடித்த பிறகு எடுத்தாள். பின்னால் பம்ப்பில் தண்ணீர் பிடிக்கிற சத்தம்.

"குருவம்மா, நான் எமரன்சியா சிஸ்டர் பேசுதேன். ரிசல்ட் வந்துட்டு. மரத்துல ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லையா சிஸ்டர்?"

"ஒண்ணும் இல்ல. நீ நல்லாத் தொடச்சிருக்க. கிருமி இருந்தது சோப்புல. அது என் தப்பு. டாக்டர்ட்ட சொல்லப் போறேன்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது. தண்ணீர் குடம் நிறைந்து வழிகிற சத்தம் கேட்டது, அவள் அதை நகர்த்தவில்லை.

"அப்ப எங் கையி இல்லையா?" என்றாள்.

"இல்ல."

"வேலைக்கு வேற ஆளப் போட்டுட்டாவளா?"

"போட்டுட்டாங்க. நான் பேசுதேன். முடியுமான்னு தெரியல."

"சரி சிஸ்டர்." மூச்சு விட்டாள். அழுகிறாளோ என்று நினைத்தேன், அழவில்லை. "மூணு நாளா எம் மவளுக்குத் தல பின்னி விடல சிஸ்டர். தொடவே பயமா இருந்துச்சு. பக்கத்து வீட்டுக்காரிதான் பின்னி விட்டா."

அவள் போனைக் கட் செய்யாமலே எங்கேயோ வைத்தாள். "ஏட்டி, இங்க வா" என்று கூப்பிட்டாள். "சீப்ப எடுத்துட்டு வா." ஓடி வருகிற சின்னக் காலடி கேட்டது. ஏதோ முனகிக்கொண்டு அந்தப் பெண் உட்கார்ந்தாள், ஆடாம இரு என்றாள் குருவம்மா. நான் கேட்டுக்கொண்டே நின்றேன், கேட்கக் கூடாது என்று தெரிந்தும். பிறகு போனை அணைத்துவிட்டு ஓ.பி. பக்கம் நடந்தேன். டாக்டர் அறை வாசலில் நாற்பது, ஐம்பது பேர் நின்றார்கள். நானும் வரிசையில் நின்றேன்.